பழைய ரேடியோப் பெட்டியைச் சுரண்டாதீர்கள்



காப்புக்கட்டுக்கு முன் எல்லோரும் வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த நாளில், நம் பிளாக்கின் லிஃப்ட் அருகே ஒரு வால்வு ரேடியோ பழைய சாமான்காரருக்காகக் காத்திருந்தது. "பாடறதில்லைங்க, மரமும் கருத்துப் போச்சுங்க" என்றார் அதற்குரியவர். கேட்டு வாங்கி என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பெட்டியின் கதை.

சென்னையில் 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கி, அந்த ஆண்டே ஒலிபரப்பியது. பணமில்லாமல் 1927-ல் நின்றது. 1930-ல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. 1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் வந்தன.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு பங்கு உண்டு. சூலூரை அடுத்த கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். ரேடியோ பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது. வாங்கினாலும் செலவு முடியாது. தபால் ஆபீசில் வருடா வருடம் லைசென்ஸ் கட்ட வேண்டும். 1980-களில்தான் அந்த லைசென்ஸ் முழுதாக ஒழிந்தது.

இவ்வளவு செலவழித்து வாங்கிய பொருள், கூடத்தில் நடுநாயகமாக இருக்கும். அதனால்தான் அதன் மரப்பெட்டிக்கு அத்தனை அழகு. ஆனால் பெரும்பாலான பெட்டிகள் முழு மரம் அல்ல. பிளைவுட்டின் மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நல்ல மரத் தகடு ஒட்டியிருக்கும். அதைத்தான் வினீர் என்கிறோம். அதற்கு மேல் மெருகு. வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் லாக்கர் தெளித்தார்கள். நம் ஆசாரிமார் கையில் இருந்தது அரக்கைச் சாராயத்தில் (ஸ்பிரிட்டில்) கரைத்துத் தேய்க்கும் பாலிஷ்.

அரக்கு மரத்தில் வாழும் சிறு பூச்சி சுரப்பது. ஜார்க்கண்ட் காடுகளில் அதிகம் கிடைக்கிறது. சென்னையில் ரேடியோ கிளப் தொடங்கிய அதே 1924-ல்தான் ராஞ்சியில் அரக்கு ஆராய்ச்சி நிலையமும் தொடங்கியது. பழைய 78 சுற்று இசைத்தட்டுகளிலும் இதே அரக்குதான். பாட்டு பதிந்ததும் அரக்கில், பாட்டு வந்த பெட்டி மின்னியதும் அரக்கில்!

அரக்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எத்தனை வருடமானாலும் ஸ்பிரிட்டில் மறுபடி இளகும். ஆகவே பழைய மெருகை உரிக்காமலே புதுப்பிக்கலாம். முறை இதுதான்:

முதலில் பிளக்கில் செருகிப் பார்க்காதீர்கள். உள்ளே உள்ள பழைய பாகங்கள் பழுதாகியிருக்கும். சில செட்டுகளில் உலோகச் சட்டமே ஷாக் அடிக்கும். தெரிந்த மெக்கானிக்கை வைத்து உள்பாகத்தை வெளியே எடுத்துவிடுங்கள். அலைவரிசை எழுதிய கண்ணாடியின் பின்புறத்தைத் துடைக்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். பெட்டியை நன்கு பிழிந்த ஈரத்துணியால் துடைத்து உலர விடுங்கள். பிறகு அடிப்பக்கத்தில் மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வையுங்கள். மெருகு பிசுபிசுத்தால் அது அரக்கு. இளகவில்லை, தின்னருக்குத்தான் இளகுகிறது என்றால் லாக்கர். அதற்கு வேலை வேறு, தெரிந்தவரிடம் விடுவது நல்லது. அரக்கானால், பஞ்சைப் பருத்தித் துணியில் பொதிந்து, நீர்த்த அரக்குக் கரைசலில் நனைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் லேசாகத் தேய்க்க வேண்டும். காயவிட்டு மறுநாள் இன்னொரு கை. அவசரம் கூடாது. அறையில் அடுப்பு, ஊதுவத்தி கூடாது. ஸ்பிரிட் சட்டெனப் பற்றிக்கொள்ளும்.

உப்புத்தாள் மட்டும் வேண்டாம். வினீர் தேய்ந்தால் திரும்ப வராது.

இது எனக்கு எப்படித் தெரியும்? அப்பா கூடத்தில் வைத்திருந்த ரேடியோவை, அவர் காலமான பின், "புதுசு போல ஆக்குகிறேன்" என்று நானே உப்புத்தாள் போட்டுச் சுரண்டினேன். மூலைகளில் வினீர் போய்ப் பிளைவுட் பல்லிளித்தது. மேலே வார்னிஷ் பூசி மறைத்தேன். இலங்கை வானொலிக்காகத் தினமும் அவர் கை வைத்துத் திருப்பி, குமிழைச் சுற்றி மங்கிப்போயிருந்த இடம் ஒன்று இருந்தது. அதையும் சேர்த்துத் தேய்த்துவிட்டேன். முப்பது வருடம் வங்கியில் கணக்கு எழுதியவன் நான். தவறான பதிவைத் திருத்த எதிர்ப்பதிவு போடலாம். இதற்கு எதிர்ப்பதிவு கிடையாது.

லிஃப்ட் அருகே கிடந்த ரேடியோ இப்போது மூன்றாவது கை பாலிஷில் இருக்கிறது. உள்ளே தேன் நிறத்தில் மரம் தெரிய ஆரம்பித்துவிட்டது. உரியவர் வந்து பார்த்துவிட்டு, "எங்க தாத்தா வெச்ச டம்ளர் வட்டம் அப்படியே இருக்குதுங்க" என்றார். அதை நான் அழிக்கப் போவதில்லை. ரேடியோவும் அவர் வீட்டுக்கே திரும்புகிறது.

உங்கள் பரணில் ஒன்று இருந்தால், பழைய சாமான்காரரைக் கூப்பிடுமுன் என்னைக் கூப்பிடுங்கள்.