சீகைப் பட்டையும் எருமையின் ஏப்பமும்

பள்ளத்தில் சோலை, மேட்டில் புல்வெளி: நீலகிரியின் உச்சிப் பரப்பு ஒரு காலத்தில் இவ்வாறே இருந்தது. அப்புல்லை நம்பியே தோடர் தம் எருமைகளை வளர்த்தனர். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் மரங்களைக் கொணர்ந்தனர். மலை மக்கள் அவற்றைச் சீகை என்பர். தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய் வேறு. முதலில் வேண்டியிருந்தது விறகு. விடுதலைக்குப் பின், தோல் பதனிட உதவும் டானின் என்னும் துவர்ப்புப் பொருளுக்காகக் கறுப்புச் சீகை பெருமளவில் பயிரிடப்பெற்றது. நட்ட இடத்தோடு அது நிற்கவில்லை. புல்வெளி சுருங்கியது, எருமைகளும் அருகின.

இதே டானினை இன்று விஞ்ஞானிகள் வேறொரு காரணம் பற்றி நாடுகின்றனர். அசைபோடும் பிராணியின் முதல் இரைப்பையில் காற்றுப் புகுவதில்லை. அங்கே நுண்ணுயிர்கள் புல்லின் நாரைப் புளிக்கவைக்கும்போது ஹைட்ரஜன் பிறக்கிறது. அது தேங்கினால் செரிமானம் தடைப்படும். ஆகவே மற்றொரு வகை நுண்ணுயிர் அதனைக் கரியமில வாயுவுடன் கூட்டி மீத்தேனாக்குகிறது. 1776-இல் வோல்டா என்னும் இத்தாலியர் மஜ்ஜோரே ஏரிச் சேற்றில் கண்டதும் இவ்வாயுவே. பெரும்பகுதி வெளியேறுவது ஏப்பமாக. பலரும் எண்ணிச் சிரிப்பது போல் பின்வழியே அன்று. இதனால் தீவனத்தின் ஆற்றலில் 2 முதல் 12 விழுக்காடு வரை வீணாகிறது. மேலும், நூறாண்டுக் கணக்கில் மீத்தேன், எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது.

சூரிச் நகர ஆராய்ச்சியாளர் செம்மறியாடுகளுக்குக் கறுப்புச் சீகையின் சாற்றைத் தீவனத்தோடு கலந்து கொடுத்தனர். மீத்தேன் ஏறத்தாழ 13 விழுக்காடு குறைந்தது என 2005-இல் வெளியிட்டனர். 2021-இல் பெங்களூரிலுள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியல் நிறுவனத்தின் 'ஹரித் தாரா' வந்தது. டானின் மிகுந்த தாவரங்களால் ஆன இத்தீவனச் சேர்க்கை மீத்தேனை 17 முதல் 20 விழுக்காடு வரை குறைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அளவு மிஞ்சினால் டானின் புரதத்தைப் பற்றிக்கொண்டு செரிமானத்தைக் கெடுக்கும் என்பதையும் மறத்தலாகாது.

தொழுவத்தில் கட்டிய கறவைக்கு இம்முறை தக்கதே. மலைச்சரிவில் தானே மேயும் தோடர் எருமைக்கு நாள்தோறும் அளந்து ஊட்டுபவர் யார்? அதற்கு முதல் தேவை மேய்ச்சல் நிலம் என்பதே என் எண்ணம். அயல்நாட்டு மரங்களை அகற்றும்படி சென்னை உயர் நீதிமன்றம் பன்முறை ஆணையிட்டுள்ளது. ஆக்கிரமிப்புத் தாவரங்களை நீக்குதற்குரிய கொள்கையைத் தமிழ்நாட்டு அரசும் 2022-இல் வகுத்தது. வெட்டிய சீகை மீண்டும் விதையிலிருந்து முளைத்துவிடுகிறது. அதனால் ஒரே இடத்தில் ஆண்டுக்காண்டு நாற்றுப் பிடுங்கி, நாட்டுப் புல்லை நட வேண்டியிருக்கிறது.