டிஜிட்டல் ரூபாய்க்குத் தாம்பரத்தில் என்ன வேலை?

இந்திய ரிசர்வ் வங்கி, சில்லறைப் பயன்பாட்டுக்கான டிஜிட்டல் ரூபாயை 2022 டிசம்பர் 1 அன்று நான்கு நகரங்களில் வெள்ளோட்டம் விட்டது. சென்னை அந்தப் பட்டியலில் இல்லை. திட்டம் விரிவடைந்த பிறகும், 2025 மார்ச் இறுதியில் புழக்கத்தில் இருந்த டிஜிட்டல் ரூபாயின் மதிப்பு 1,016 கோடிதான். பணத்தாள்களின் மதிப்போ 36 லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. யுபிஐ செவ்வனே செய்துவரும் வேலைக்கே இதையும் அனுப்பியதுதான் இந்தத் தேக்கத்துக்குக் காரணம். யுபிஐ நின்றுபோகும் இடத்தில்தான் டிஜிட்டல் ரூபாய்க்கு வேலை இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மக்களின் தொழில்நுட்பத் தயக்கத்தைக் காரணம் காட்டுவது தாம்பரம் பகுதிக்குப் பொருந்தாது. கைபேசியில் எடுக்கும் காகிதமில்லா ரயில் பயணச்சீட்டு 2015 ஏப்ரலில் முதலில் வந்ததே எழும்பூர்–தாம்பரம் புறநகர்த் தடத்தில்தான். வரிசையில் நிற்பது மிச்சம் என்னும் பயன் அதில் கண்கூடு.

டிஜிட்டல் ரூபாயில் அத்தகைய பயன் எது? மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் கீரைக்கட்டு வாங்குபவர் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறார். ஒலிப்பெட்டி தொகையைச் சொன்னதும் வியாபாரி அடுத்தவருக்கு எடைபோடத் திரும்பிவிடுகிறார். அதே யுபிஐ அட்டைக்கு டிஜிட்டல் ரூபாயைச் செலுத்தினால், டிஜிட்டல் ரூபாய் வாலட் இல்லாத வியாபாரிக்கு அது வங்கிக் கணக்கில் வரவாகிறது. மத்திய வங்கியின் நேரடிப் பொறுப்பான பணம், கல்லாவுக்கு வந்ததும் சாதாரண வங்கி வைப்பாக மாறிவிடுகிறது. வங்கி முறிந்தாலும் டிஜிட்டல் ரூபாய் பத்திரம் என்பார்கள். 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு இருக்க, தரைக்கடைக்காரருக்கு இது பெரிய ஈர்ப்பல்ல.

அவருடைய கவலை வேறு. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவுகளைக் கொண்டு சிறுவணிகர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூருவில் பல கடைக்காரர்கள் ரொக்கத்துக்குத் திரும்பினார்கள். ரொக்கம் தரும் மறைவைச் சிறுதொகைகளுக்கேனும் டிஜிட்டல் ரூபாய் சட்டப்படி உறுதிசெய்யாவிட்டால், அவர்கள் இதையும் அதே ஐயத்துடன்தான் பார்ப்பார்கள்.

இன்னொரு கவலை மழை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இரு முறையும் புறநகரின் பல பகுதிகளில் மின்சாரமும் கைபேசி இணைப்பும் போயின. அந்நேரத்தில் பால் வாங்க உதவியது கையில் இருந்த ரொக்கமே. இணையமின்றிப் பணம் செலுத்தும் வசதியை ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் அறிவித்தது. டிஜிட்டல் ரூபாயின் உண்மையான பயன் இதில்தான் இருக்கிறது.

இதற்கு இரண்டு தடைகள் உண்டு. இணைப்பில்லாதபோது ஒரே பணத்தை இருவருக்குக் கொடுக்கும் மோசடியை உடனே கண்டறிய முடியாது. பாதுகாப்புச் சில்லும் குறைந்த தொகை வரம்பும் அந்த இழப்பைக் கட்டுக்குள் வைக்கும். அடுத்து, மின்வெட்டு நீடித்தால் கைபேசியே அணைந்துபோகும். எனவே மின்னேற்றம் வேண்டாத அட்டை வடிவமும் தேவை. பணம் பெறுபவரின் கருவிக்கும் மின்சாரம் வேண்டுமாதலால் பணத்தாள் ஒழியப்போவதில்லை, ஒழிக்கவும் கூடாது.

ஆகவே அடுத்த சோதனையை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடிச்சூரிலும் சண்முகம் சாலையிலும் நடத்த வேண்டும். எத்தனை பேர் செயலியைத் தரவிறக்கினார்கள் என்பதைவிட, இணைப்பற்ற நேரத்தில் எத்தனை கொடுக்கல் வாங்கல்கள் வழக்கின்றி முடிந்தன என்பதையே வெற்றிக்கு அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.