சறுக்குக் காலணியில் அலகு பொருத்துதல்

சறுக்குக் காலணியில் அலகு பொருத்துதல் என்பது, ஃபிகர் ஸ்கேட்டிங் எனப்படும் பனித்தளச் சறுக்காட்டத்துக்கான புதிய காலணியின் அடியில், பிளேடு என்னும் எஃகு அலகைத் திருகாணிகளால் இணைத்து, ஆட்டக்காரரின் காலுக்கு ஏற்ப அதன் இடத்தைச் சரிசெய்யும் பணியாகும். தொடக்க நிலைக் காலணிகள் பெரும்பாலும் அலகுடனேயே விற்கப்படுகின்றன. பயிற்சி பெற்றவர்கள் காலணியையும் அலகையும் தனித்தனியே வாங்குவதால், இப்பணி அவர்களுக்கே மிகுதியும் தேவைப்படுகிறது.

பழங்காலத்தில் அலகு, அன்றாடக் காலணியின் மீது வாரால் கட்டப்பட்டது. ஆட்டத்தின்போது அது நழுவுவதுண்டு. 1860களில் அமெரிக்கரான ஜாக்சன் ஹெய்ன்ஸ் அலகைக் காலணியுடன் நிலையாக இணைத்துப் பயன்படுத்தினார். தாவல்களும் சுழற்சிகளும் வளர இம்மாற்றம் துணை நின்றது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் இவ்வகை அலகுகளுக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது.

அலகின் அமைப்பு

அலகு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிப்புடையது. அதன் அடிப்பரப்பு தட்டையானதன்று. நீளவாக்கில் ஓடும் ஒரு குழிவு அதனை உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டாகப் பிரிக்கிறது. பக்கவாட்டில் நோக்கினால் அலகு முன்பின்னாகச் சற்றே வளைந்திருக்கும். இவ்வளைவின் ஆரம் பொதுவாக 7 அல்லது 8 அடி. முன்முனையில் தாவலுக்கு உதவும் பற்கள் உள்ளன.

அலகின் மேற்பகுதியில், முன்பாதத்துக்கு ஒன்றும் குதிக்கு ஒன்றுமாக இரு தகடுகள் இருக்கும். இவற்றில் நீள்துளை, வட்டத்துளை என இருவகைத் துளைகள் உண்டு. நீள்துளையில் இட்ட திருகாணியைத் தளர்த்தினால் அலகைச் சிறிது நகர்த்தலாம். வட்டத்துளையில் இட்டால் நகர்த்த இயலாது. பொருத்தும் முறை முழுவதும் இந்த வேறுபாட்டையே நம்பியுள்ளது.

தற்காலிகப் பொருத்தம்

முதலில் காலணியின் அடியில், குதியின் நடுவையும் முன்பகுதியின் நடுவையும் குறித்து ஒரு கோடு வரையப்படுகிறது. குதியில் அலகு நடுவில் அமையும். முன்புறம் அது பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட இடத்தை நோக்கி அமைவது வழக்கம். பின்னர் நீள்துளைகளுக்கு நேராக மட்டும் சிறு துளைகள் இடப்பட்டுத் திருகாணிகள் முடுக்கப்படுகின்றன. காலணியின் முன்பகுதி மெல்லியது. துளை ஆழமானாலோ திருகாணி நீண்டிருந்தாலோ அதன் முனை பாதத்தைக் குத்தும். ஆகவே துளையூசியில் ஒட்டுநாடா சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்வது நன்று.

தகட்டுக்கும் காலணிக்கும் இடையே வெளி இருந்தால், திருகாணியை இறுக்கி அதனை மூடலாகாது. அவ்வாறு செய்தால் அலகு முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய அலகு எங்கு நகர்த்தினாலும் நேராக ஓடாது. மெல்லிய தோல் துண்டைச் சக்கையாக வைத்து வெளியை நிரப்புவதே முறை.

சரிசெய்தல்

ஆட்டக்காரர் ஒற்றைக் காலில் நிமிர்ந்து நின்று, நேர்கோட்டில் சறுக்கிப் பார்க்க வேண்டும். கால் தானாகவே உள்விளிம்பில் சாய்ந்தால், உடலின் எடை அலகுக்கு உட்புறமாக விழுகிறது என்பது பொருள். எனவே அலகையும் உட்புறமாக நகர்த்த வேண்டும். வெளிவிளிம்பில் சாய்ந்தால் வெளிப்புறமாக. பலர் இதனைத் தலைகீழாகப் புரிந்துகொள்கின்றனர். ஒரு முறைக்கு 1 மில்லிமீட்டர் அளவே போதுமானது. சாயாமலே பாதை வளைந்து சென்றால், முன்முனையைச் சற்றே திருப்பிப் பார்க்கலாம்.

அலகை நகர்த்துமுன் அதன் தீட்டலைச் சோதிப்பது இன்றியமையாதது. விளிம்புகளில் ஒன்று உயர்ந்திருந்தாலும் இதே அறிகுறி தோன்றும். அலகைத் தலைகீழாகப் பிடித்து, இரு விளிம்புகளின் மீதும் குறுக்காக ஒரு நாணயத்தை வைத்தால் சாய்வு கண்ணுக்குத் தெரியும். காலணியின் கயிறு தளர்ந்திருப்பதும் கணுக்காலின் வலுவின்மையும் ஏனைய காரணங்கள். இவை அலகை நகர்த்துவதால் நீங்கா.

நிலையான பொருத்தம்

புதிய காலணி சில வாரங்களில் இளகிக் காலின் வடிவத்தை ஏற்கும். அதன்பின் அலகின் இடம் நிறைவளித்தால் வட்டத்துளைகளிலும் திருகாணிகள் இடப்படுகின்றன. முதல் நாளிலேயே எல்லாத் துளைகளையும் நிரப்புவது பெருந்தவறாகும். பின்னர் திருத்தம் தேவைப்பட்டால் பழைய துளைகளை மரக்குச்சியும் பசையும் இட்டு அடைத்து மீண்டும் துளையிட நேரும். ஓரிரு வட்டத்துளைகளை வெறுமையாக விடுவோரும் உளர். திருகாணி பிடிப்பிழந்தால் அவை கைகொடுக்கும்.

தோலாலான அடிப்பகுதிக்கு ஈரமே பகை. உருகிய பனிநீர் துளைகளுள் இறங்கினால் தோல் மென்மையாகித் திருகாணிகள் தளரும். தாவி இறங்கும்போது உடல் எடையின் பன்மடங்கு விசை அலகின் மீது விழுவதால், தளர்ந்த அலகு கடுங்காயத்துக்குக் காரணமாகலாம். இதனால் பொருத்துவதற்கு முன்பே அடிப்பகுதிக்கு மெழுகோ நீர்புகா மேற்பூச்சோ இடப்படுகிறது. ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் அலகும் அடிப்பகுதியும் துடைக்கப்பட வேண்டும். திருகாணிகளை அவ்வப்போது திருப்புளியால் சோதித்தல் வேண்டும். கூட்டுப்பொருளாலான அடிப்பகுதி கொண்ட காலணிகளில் ஈரத்தின் தொல்லை குறைவு. ஆயினும் அவற்றுக்குரிய திருகாணிகளைத் தயாரிப்பாளர் கூறியவாறே பயன்படுத்த வேண்டும்.