அடுத்த சபையின் பந்தியில்

திருமணத்துக்கோ அடக்க ஆராதனைக்கோ வேறொரு சபையின் ஆலயத்துக்குச் செல்லும் கிறிஸ்தவர் பாட்டிலும் ஜெபத்திலும் தயங்காமல் கலந்துகொள்கிறார். திருவிருந்து வேளை வந்ததும் எழுந்து போவதா, இருக்கையிலேயே இருப்பதா என்று தடுமாறுகிறார். இந்தத் தயக்கத்தின் வேர் ஆழமானது. 1529இல் மார்பர்க்கில் கூடிய சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்லியும் பதினைந்து பொருள்களில் பதினான்கில் உடன்பட்டார்கள். அப்பத்திலும் இரசத்திலும் கிறிஸ்து எவ்வாறு இருக்கிறார் என்ற கேள்வியில் பிரிந்துபோனார்கள்.

கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் மரபுகளில் நற்கருணை வாங்குவது அந்தத் திருச்சபையின் விசுவாசம் முழுவதற்கும் ஆமென் சொல்வதாகும். ஒன்றிப்பு முதலில், பந்தி பிறகு என்பது அவர்கள் நிலை. 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 844ஆம் விதியில், மரண ஆபத்து போன்ற கடும் தேவையில் சீர்திருத்த சபையாருக்கும் சில நிபந்தனைகளோடு வழிவிடுகிறது. அவர் தம் சபைக் குருவை அணுக முடியாதவராகவும், தாமே கேட்பவராகவும், நற்கருணை பற்றிய கத்தோலிக்க விசுவாசமும் தகுந்த ஆயத்தமும் உடையவராகவும் இருக்கவேண்டும். சீர்திருத்த சபைகள் பலவும், அழைப்பவர் கர்த்தரே, சபை பரிமாறுகிறது, அவ்வளவுதான் என்கின்றன. தம் சபையில் பந்தியில் சேர்ந்துவரும் விருந்தினரை அவை வரவேற்கின்றன.

இந்த இரு நிலைகளுக்கும் நடுவே தென்னிந்தியா ஒரு வழி கண்டது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய ஆங்கிலிக்கன், தென்னிந்திய ஐக்கிய சபைப் போதகர்கள் ஒன்றிப்புக்கு அழைப்பு விடுத்தார்கள். பேராயர் வேதநாயகம் அசரியா அதில் முன்நின்றார். பேராயரின் கையால் அபிஷேகம் பெறாத போதகர் திருவிருந்தை நடத்தலாமா என்பதே பெரிய முட்டுக்கட்டை. பேச்சு இருபத்தெட்டு ஆண்டுகள் நீண்டது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். பழைய போதகர்களுக்கு மறு அபிஷேகம் இல்லை. இனிமேல் அபிஷேகம் பேராயர் கையால்தான். மனச்சாட்சி ஏற்காத ஊழியத்தை எந்தச் சபைமீதும் திணிப்பதில்லை. இந்த இரு வகைப் போதகர்களும் சேர்ந்து ஊழியம் செய்ய முப்பது ஆண்டு இடைக்காலம் என்று முடிவாயிற்று. இதற்கு ஒரு விலையும் இருந்தது. 1948இல் லாம்பெத்தில் கூடிய ஆங்கிலிக்கன் பேராயர்கள் புதிய திருச்சபைக்கு முழுப் பந்தியுறவு தரவில்லை. உள்ளூரில் பந்தி விரிந்தபோது வெளியே ஓர் உறவு சுருங்கிற்று.

தனியாள் ஒருவர் சத்தமில்லாமல் வரிசையில் போய் நின்றதால் தென்னிந்தியாவில் பந்தியின் கதவு திறக்கவில்லை. சபைகள் கூடிப் பேசி, தத்தம் விசுவாசத்தை மறைக்காமல் முன்வைத்து, விட்டுக்கொடுத்ததால் திறந்தது. ஆகவே விருந்தினர் ஆராதனைக்கு முன்பே குருவானவரைக் கேட்டுக்கொள்வதே முறை. அழைப்பு இருந்தால் பங்குகொள்ளலாம். இல்லையென்றால் மனக்குறையின்றி அமர்ந்திருப்பது அந்தச் சபையின் விசுவாசத்துக்குத் தரும் மரியாதை. அழைப்பில்லாத இடத்தில் கை நீட்டினால், இருக்கும் பிளவு தீராது, கண்ணுக்குத்தான் மறையும்.

ஆனால் கணவன் ஒரு சபை, மனைவி ஒரு சபை என்ற வீடுகளில் இந்தப் பிரிவு ஞாயிறுதோறும் உறுத்துகிறது. அவர்களிடம் பொறுமையைக் கேட்கும் திருச்சபைகள், தங்களுக்குள் நடத்தும் பேச்சில் அவர்கள் நிலையை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளக் கடமைப்பட்டவை.