இரண்டாம் மொழி வாசிப்பும் ஆளுமையும்

இரண்டாம் மொழியில் ஒன்றைப் படித்துப் பொருள் கொள்வதற்கு முதல் தேவை சொல்வளம். ஒரு பனுவலின் சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருந்தால்தான் பெரும்பாலோர் அதைத் துணையின்றிப் புரிந்துகொள்வர் என்று ஹூ, நேஷன் இருவரும் 2000இல் மதிப்பிட்டனர். ஆயினும் மொழியறிவு மட்டுமே அனைத்தையும் தீர்மானிப்பதில்லை. எலிசபெத் பெர்ன்ஹார்ட் 2005இல் விளக்கிய மாதிரியில், வாசகர்களிடையே காணும் வேறுபாட்டில் சுமார் 30 விழுக்காடு இரண்டாம் மொழி அறிவையும் 20 விழுக்காடு தாய்மொழி எழுத்தறிவையும் சார்ந்தது. மீதிப் பாதிக்கு விளக்கமில்லை. ஆளுமையின் பங்கை ஆய்வாளர்கள் தேடுவது இந்தப் பாதியில்தான்.

அதிகம் ஆராயப்பட்டது பதற்றம். பேசும்போதுதான் அயல்மொழி அச்சுறுத்தும், தனியே படிக்கையில் அச்சத்துக்கு இடமில்லை என்றே நெடுநாள் கருதப்பட்டது. சாய்த்தோ, ஹார்விட்ஸ், கார்சா மூவரும் 1999இல் வாசிப்புப் பதற்றத்தை அளக்க 20 கூற்றுகள் கொண்ட அளவுகோலை உருவாக்கி, பிரெஞ்சு, ரஷ்யன், ஜப்பானிய மொழிகளைக் கற்ற அமெரிக்க மாணவர்களிடம் பயன்படுத்தினர். ஜப்பானியம் படித்தோரிடம் பதற்றம் மிகுந்திருந்தது. எழுத்து வேறானதே காரணம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் மிகக் குறைந்த பதற்றம் சிரில்லிக் எழுத்தில் ரஷ்யன் படித்தவர்களிடமே காணப்பட்டது. பதற்றம் வாசிப்பைக் கெடுக்கும் வழி இது: கவலை, நினைவில் தற்காலிகமாக ஏந்தவேண்டிய சொற்களுக்கான இடத்தைப் பறித்துக்கொள்வதால், வாக்கியம் முடியுமுன் அதன் தொடக்கம் நழுவிவிடுகிறது.

தெளிவின்மையைப் பொறுத்துக்கொள்ளும் இயல்பு மற்றொன்று. அது குறைந்தவர் ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் அகராதியைப் புரட்டிக் கதையோட்டத்தை இழப்பார். மிகுந்தவருக்கோ ஊகத்தைச் சரிபார்க்கத் தோன்றாது. வங்கிக் கடன் ‘சாங்ஷன்’ ஆவதை மட்டும் அறிந்த தமிழர், ஒரு நாட்டின்மீது ‘சாங்ஷன்’ வந்ததாக ஆங்கில நாளிதழில் படித்தால், தடையை ஒப்புதலாகக் கொண்டு நிம்மதியாக அடுத்த பத்திக்குப் போய்விடக்கூடும்.

புறமுகம், அகமுகம் என்ற பாகுபாடு பேச்சில் தெரியும் அளவுக்கு வாசிப்பில் தெரிவதில்லை. புதுமை நாட்டம், பொறுப்புணர்வு போன்ற பண்புகள் பெரும்பாலும் சுற்றுவழியில், ஒருவர் எவ்வளவு படிக்கிறார் என்பதன் வாயிலாகச் செயல்படுவன.

பதற்றம், தடுமாற்றம் இவற்றில் எது காரணம், எது விளைவு என்பதில் பழைய வழக்கு ஒன்று உண்டு. தாய்மொழியிலேயே ஒலி, எழுத்து, இலக்கணத் திறன்கள் தளர்ந்திருப்போர் அயல்மொழியில் தடுமாறுகின்றனர்; அத்தடுமாற்றமே பதற்றமாக வெளிப்படுகிறது என்பது ஸ்பார்க்ஸ், கான்ஷோ ஆகியோரின் வாதம். பதற்றம் தனித்தே கற்றலைக் கெடுக்கும் என்று ஹார்விட்ஸ் மறுத்தார். ஒரே நேரத்தில் எடுத்த பதற்ற அளவுகோல் மதிப்பெண்ணையும் தேர்வு மதிப்பெண்ணையும் ஒப்பிட்டு இவ்வழக்கைத் தீர்க்க இயலாது.