சாப்பாட்டு மேசையும் தையல் மெஷினும்

போன வருடம் தம்பி, பேகோபுரத் தெருவில் இருக்கும் எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்ட வரைபடம் கொண்டுவந்தான். ஹால், பூஜையறை, மூன்று படுக்கையறைகள், அவனுக்கு ஓர் ஆபீஸ் அறை. "அம்மா மெஷின் எங்கடா?" என்று கேட்டேன். "மாடிப்படிக்குக் கீழ போட்டுக்கலாம்க்கா" என்றான்.

பழைய வீட்டிலும் அம்மாவுக்கென்று அறை கிடையாது. திண்ணை ஆண்களுடையது. அம்மா முப்பது வருடம் ரவிக்கை தைத்தது ரேழியில், ஆள் நடக்கும் வழியில். அந்தக் காசில்தான் நாங்கள் படித்தோம். வாசலில் இருப்பது அப்பா பெயர்.

அன்று எனக்கு இன்னொரு வீட்டின் அமைப்பு நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தின் யார்க்ஷயரில், ஹாவொர்த் என்ற மலைக்கிராமத்தில் உள்ள குருமனை. பாதிரியார் குடும்பம் தங்க, திருச்சபை கொடுக்கும் வீடு அது. 1778–79இல் கட்டினார்கள். ஜார்ஜ் மன்னர்கள் காலத்துக் கட்டடங்களுக்கே உரிய ஒழுங்கு அதில் இருக்கிறது: கல்சுவர், நடுவில் வாசல், இருபுறமும் அளவெடுத்தாற்போல் ஜன்னல்கள். உள்ளே நுழைந்தால் வலப்பக்கம் பாதிரியாரின் படிப்பறை, இடப்பக்கம் சாப்பாட்டு அறை. வெளியே தெரியும் இந்தச் சமம் உள்ளே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யும் உரிமை வலப்பக்கத்து அறைக்குத்தான்.

1820இல் பேட்ரிக் பிரான்டி அங்கே பாதிரியாராக வந்தார். அவருடைய மகள்கள் சார்லட், எமிலி, ஆன் மூவரும் எழுதியது சாப்பாட்டு மேசையில். இரவில் அந்த மேசையைச் சுற்றி நடந்தபடி, எழுதியதைப் பேசித் திருத்துவார்கள். எமிலி சமையலறையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே எதிரில் புத்தகத்தை நிறுத்தி ஜெர்மன் படித்தார். வீடோ அப்பாவின் பதவியோடு ஒட்டியது. அவர் இறந்தால் மகள்கள் வெளியேற வேண்டும். அந்தப் பயத்தில் 1844இல் வீட்டிலேயே பள்ளி நடத்துவதாக விளம்பரம் செய்தார்கள். ஒரு மாணவிகூட வரவில்லை. 1847இல் 'ஜேன் அயர்' வந்தது, ஆண் பெயர்போல் ஒலிக்கும் புனைபெயரில்.

தங்கைகள் இருவரும் இறந்தபின், 1850இல் சார்லட் சுவரை நகர்த்திச் சாப்பாட்டு அறையைப் பெரிதாக்கினார். 1854இல் கல்யாணம். பின்னாலிருந்த சாமான் அறையைச் சீர்செய்து ஒரு படிப்பறை ஆக்கினார். தனக்கல்ல, கணவருக்கு. உலகம் அறிந்த நாவலாசிரியைக்கே, தனக்கு ஓர் அறை என்று அந்த வீட்டில் தோன்றவில்லை.

நம் பக்கத்திலும் அப்படி ஒரு வீடு உண்டு. ஹாவொர்த்தில் பள்ளி தொடங்காமல் போன அதே 1844இல், எலைசா மால்ட் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு வந்தார். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய அம்மா மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் தொடங்கிய கைத்தொழில் அது. அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்களை அடிமைத்தளையிலிருந்து மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது. அதை நாம் கொண்டாடுவது நியாயம்தான். அவர் வாழ்ந்த வீடு இன்று அரசின் நினைவு இல்லம், அவர் பெயரில். எலைசாவின் பள்ளியும் லேஸும் அந்தப் பெயருக்குள் அடங்கிவிட்டன.

ஹாவொர்த் வீட்டுக்கு 1928 முதல் மகள்களின் பெயர், அது அருங்காட்சியகம். ஆனால் அதற்கு அவர்கள் மூவரும் உலகப்புகழ் பெற வேண்டியிருந்தது. ரேழியில் ரவிக்கை தைத்தவளுக்கு?

வரைபடத்தை அம்மாவிடமே காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தம்பியின் ஆபீஸ் அறை ஜன்னலில் விரலை வைத்தாள். "வெளிச்சம் இங்கதானே வரும்?" என்றாள். தம்பி ஒன்றும் பேசவில்லை. இன்ஜினியரிடம் நானே போய் அந்த அறையின் பெயரை அடிக்கச் சொன்னேன். 'தையல் அறை' என்று எழுதியபின்தான் வரைபடம் அனுமதிக்குப் போயிற்று.