பிற சபை வழிபாடுகளில் கத்தோலிக்கர்

சி.எஸ்.ஐ., லுத்தரன், ஆர்த்தடாக்ஸ் முதலிய பிற கிறித்தவ சபைகளின் திருமணம், அடக்கம், ஞாயிறு ஆராதனை போன்றவற்றுக்குச் செல்லும் கத்தோலிக்கர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளைத் திருச்சபைச் சட்டமும் வத்திக்கானின் ஒன்றிப்பு வழிகாட்டி ஏடும் வகுத்துள்ளன.

1917ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு (விதி 1258) பிற சபை வழிபாட்டில் பங்கெடுப்பதைத் தடுத்தது. தக்க காரணத்தோடு திருமணத்துக்கோ அடக்கத்துக்கோ போனாலும் பேசாமல் உட்கார்ந்திருக்க மட்டுமே அனுமதி. ஒரே தெருவில் பிறந்து வளர்ந்தவர்களைக்கூட அந்நியராக்கிய விதி அது. 1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஒன்றிப்பு ஏடு அந்தக் கதவைத் திறந்தது. இன்று நடைமுறையில் உள்ள 1993ஆம் ஆண்டு வழிகாட்டி, சங்கீதங்களிலும் பாடல்களிலும் பதிலுரைகளிலும் விருந்தினரான கத்தோலிக்கர் சேர்ந்துகொள்வதை ஊக்குவிக்கிறது. அழைத்தால் வேதபாடமும் வாசிக்கலாம். மாப்பிள்ளைத் தோழனாகவோ மணப்பெண் தோழியாகவோ நிற்கலாம். சபையார் எழும்போது எழுந்து, பாமாலையைக் கையில் வாங்கிப் பாடுவதே மரியாதை. கைகட்டி வேடிக்கை பார்ப்பது பக்தியாகாது.

திருவிருந்தில்தான் எல்லைக்கோடு இருக்கிறது. சி.எஸ்.ஐ. கோவிலில் வரிசையாகப் போய்ப் பீடத்தின் முன் முழங்காலிட்டு அப்பமும் ரசமும் பெறுவார்கள். அப்போது கத்தோலிக்கர் தம் இருக்கையிலேயே அமர்ந்து ஜெபிக்க வேண்டும். ஆயரே அன்போடு அழைத்தாலும் இதுவே விதி. சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற சபைகளின் குருத்துவத்தையும் நற்கருணையையும் கத்தோலிக்கத் திருச்சபை முழுமையானவையாக ஏற்கவில்லை. ஒன்றிப்பு நிறைவேறாத நிலையில் நிறைவேறியதுபோல் காட்டிக்கொள்ளாதது நேர்மைதான். அதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை.

ஆர்த்தடாக்ஸ் சபைகளின் அருட்சாதனங்கள் செல்லுபடியாகும் என்பதால் அங்கே நிலைமை வேறு. கத்தோலிக்கக் குருவை அணுகவே முடியாத சூழலில், உண்மையான தேவை இருந்தால், அவர்களிடம் ஒப்புரவும் நற்கருணையும் நோயில்பூசுதலும் கேட்கலாம் (1983 சட்டத் தொகுப்பு, விதி 844). 1984இல் இரண்டாம் யோவான் பவுலும் சிரிய ஆர்த்தடாக்ஸ் பிதாப்பிதா முதலாம் சாக்காவும் கூட்டறிக்கை வெளியிட்டு இத்தகைய ஏற்பாட்டை இரு தரப்பு விசுவாசிகளுக்கும் உறுதிசெய்தார்கள். ஆனால் தம் உறுப்பினருக்கு மட்டுமே நற்கருணை தரும் ஆர்த்தடாக்ஸ் சபையில் அதைக் கேட்காமல் இருக்கும்படி வழிகாட்டி சொல்கிறது.

புராட்டஸ்டண்ட் திருமுழுக்கில் கத்தோலிக்கர் சாட்சியாக நிற்கலாம். ஞானப்பெற்றோர் அந்தச் சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும்.

ஞாயிறன்று பிற சபை ஆராதனையில் கலந்துகொண்டாலும் திருப்பலிக் கடன் தீராது. முந்தின நாள் மாலையிலோ அன்றோ கத்தோலிக்கத் திருப்பலியில் பங்கேற்க வேண்டும்.